மெர்சியை ஊரில் விட்டுவரப் போன கிறிஸ்துமஸ்

1

போன ஞாயிற்றுக்கிழமை லில்லி வந்தாள். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டாள். லில்லி குடியாத்தத்துப் பெண். இந்த மேற்கு ஜெர்மன் ஊரில் நான் நர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கும் வேலை. சரியான வாயாடி, அன்றைக்கென்னவோ வாயே திறக்கவில்லை. டீ ஆறிப்போன பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறோம். திரும்பி வரும்போது டேவிட்ட எங்க அக்கா வூட்டுல வுட்டுட்டு வந்துடலாம்னு இவரு சொல்றாரு. அவன்கிட்ட இன்னும் சொல்லல. முன்னாடியே சொல்லிடறதா, இல்ல கெளம்பற அன்னிக்கு சொல்றதா? உங்களத்தான் கேக்கணும்னு வந்தேன்."

டேவிட் அவள் மகன். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை.

எதற்கும் கைவசம் ஒரு யோசனை வைத்திருப்பவள் நான். தொண்டை வலிக்கு இன்ன கஷாயம், லீவு கேட்க இன்ன நேரம், வீட்டுக்காரம்மா முறைத்தால் இன்ன பதில் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். லில்லிக்கு ஒரு சொல் சொல்ல வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்டி" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பயம் போகவில்லையே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஊரில் இருப்பவர்களும் இதையே வேறு மாதிரி கேட்பதுண்டு. "ரெண்டு பேரும் வேலைக்குப் போய்ட்டா புள்ளய யாரு பாக்கறது? இங்க அனுப்பிட வேண்டியதுதான, இன்னா கஷ்டம்?" அந்த 'இன்னா கஷ்டம்' என்ற கேள்விக்குத்தான் இந்தக் குறிப்புகள். லில்லிக்கும் இதையே படிக்கக் கொடுக்கப்போகிறேன். வாயால் சொல்ல என்னால் ஆகாது.

2

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். எங்கள் மகள் மெர்சிக்கு அப்போது ஆறு வயது. எனக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஷிப்ட். என் கணவர் சாமுவேலுக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக நாலு பேரை வேலை வாங்கியவர், இங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு ஷூவின் அடியில் பசை தடவினார். அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

வாரத்தில் சில பிற்பகல்களில் நாங்கள் இருவருமே வீட்டில் இருக்க முடியாது. மெர்சி பள்ளியிலிருந்து தானே நடந்துவந்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியால் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்திருப்பாள். "யாரு பெல் அடிச்சாலும் தொறக்கக் கூடாது, ஜன்னல் கிட்ட போவக் கூடாது, அடுப்பத் தொடக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தோம். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால், கூடத்தின் நடுவில் கோட்டு, ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருக்கும் குழந்தை. பெற்ற வயிறு எரியும்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். இன்னொரு முறை குழந்தை தனியாக இருப்பதைப் பார்த்தால் குழந்தைகளுக்கான அலுவலகத்தில் சொல்லவேண்டியிருக்கும் என்றார். கெட்டவர் இல்லை. அவர் ஊர் நியாயத்தை அவர் சொன்னார். ஆனால் நம் ஆட்கள் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. அப்படிச் சொன்னால் அலுவலகத்திலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு யார் வீட்டிலாவது வளர்க்கக் கொடுத்துவிடுவார்களாம். அது உண்மையா, பொய்யா, யாரைக் கேட்பது? கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்களே!

இது போதாதென்று வருஷா வருஷம் அயல்நாட்டார் அலுவலகம். இந்த நாட்டில் தங்கியிருக்கப் பாஸ்போர்ட்டில் அங்கே முத்திரை வாங்கவேண்டும். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. என் கணவர் முதல் நாளிலிருந்தே சாப்பிடமாட்டார், நான் பாஸ்போர்ட்டுகளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் அதிகாரி தலையைத் தூக்கி, "நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக்கூடக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அத்தனையும் அந்த நிமிஷத்தில் மறந்துபோனது. "நாங்கள்தான், நாங்கள்தான்" என்றேன். வெளியே வந்ததும் இவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெர்சியோ நாளுக்கு நாள் ஜெர்மன் குழந்தையாகிக்கொண்டிருந்தாள். தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் ஜெர்மனில் வரும். என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள், ஜெர்மனில் அம்மாவுக்கு அதுதான் சொல். தூங்கப்போகுமுன் செய்யும் ஜெபமும் ஜெர்மனுக்கு மாறியபோது இவர் முகம் கறுத்துவிட்டது.

"ஊர்ல வுட்டுடலாம் செல்வி" என்றார் ஒருநாள். "உங்க அண்ணன் வூட்டுல இருக்கட்டும். ஜூன்ல வேலூர்ல ஹாஸ்டலோட ஸ்கூல்ல சேத்துடலாம்."

"பெத்து எடுத்தது வுட்டுட்டு வர்றதுக்கா?" என்று கத்தினேன்.

"இங்க யாராவது வந்து தூக்கிக்கினு போய்ட்டா? திரும்ப யாரு குடுப்பாங்க?"

சண்டை போட்டேன், அழுதேன், பேசாமல் இருந்தேன். கடைசியில் சரி என்றேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் ஆம்பூர் போவது, இரண்டு பேர் திரும்புவது. கிளம்பும் நாள்வரை மெர்சிக்குத் தெரியக் கூடாது.

3

ஆம்பூரில் ரயிலைவிட்டு இறங்கியதும் தோல் நாற்றம் தாங்காமல் மெர்சி மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூட்டிப்போக வந்திருந்த என் அண்ணன் தேவராஜ் சிரித்தார். "நமக்கு சோறு போடற நாத்தம்மா இது. ரெண்டு நாள்ல பழகிடும், அப்பறம் இல்லாட்டிதான் தூக்கம் வராது" என்றார். 'அப்பறம்' என்ற சொல்லைக் கேட்டே எனக்குப் பகீரென்றது.

அண்ணன் வீடு சந்தின் கடைசி வீடு. பின்பக்கச் சுவரைத் தாண்டினால் அவர் வேலை செய்யும் தோல் ஷாப்பு. எதிர்வீடு பஷீர் பாய் வீடு. அண்ணி எஸ்தர், அவர்கள் மகள் ஷீலா, எல்லோரும் மெர்சியைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அவள் 'மாமா!' என்று என்னைக் கூப்பிட்டால் அண்ணன் "இன்னாடா கண்ணு?" என்று திரும்பிப் பார்ப்பார். அதற்கு ஷீலா விழுந்து விழுந்து சிரிப்பாள். மெர்சிக்கு எதற்குச் சிரிப்பென்று தெரியாது, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாள்.

வந்த அன்றே எல்லோரையும் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "ஸ்கூலு, ஹாஸ்டலு, ஜூன் மாசம்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவளுக்குத் தமிழ் புரியும்." அவ்வளவுதான், வீடே ஊமையாகிவிட்டது. அண்ணி நிமிஷத்துக்கு நூறு வார்த்தை பேசுகிறவர். பாதியில் நிறுத்தி, நாக்கைக் கடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வார். வழக்கமாக அந்த வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஜோலார்பேட்டையிலிருந்தும் பாகாயத்திலிருந்தும் சித்தப்பா, அத்தை என்று ஒரு படையே வந்து இறங்கும். அந்த வருஷம் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். யாராவது ஒரு அத்தை வந்து, "ஏண்டி, இவ்ளோ சின்னப் புள்ளய எப்படிடி வுட்டுட்டுப் போற?" என்று ஒப்பாரி வைத்துவிட்டால்?

அதனால் வீட்டோடு ஆறே பேர். வாசலில் காகித நட்சத்திரம் மாட்டி உள்ளே பல்பு போட்டார் அண்ணன். ஷீலாவும் மெர்சியும் வைக்கோலும் பொம்மைகளும் வைத்துக் குடில் கட்டினார்கள். அதிரசம் வேகும் வாசனையும் தோல் வாசனையும் கலந்து வந்தன. நான் மட்டும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

4

கிறிஸ்துமஸ் அன்று விடியும் முன் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தோம். காபி குடித்ததும் பரிசுகள் கொடுக்க ஆரம்பித்தோம். நாங்கள் கொண்டுபோன சாக்லேட், ஸ்வெட்டர், ஷீலாவுக்குக் கலர் பென்சில். அண்ணி மெர்சிக்குப் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருந்தார். போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள். அந்த ஒரு நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்து சிரித்தேன்.

பிறகு அண்ணன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். பிரித்தால் எவர்சில்வர் தட்டு, டம்ளர். விளிம்பில் 'மெர்சி' என்று பேர் வெட்டியிருந்தது. நம் ஊரில் பாத்திரம் வாங்கிவிட்டுப் பேர் வெட்டாமல் கடையைவிட்டு இறங்குவோமா? கல்யாணமோ காதுகுத்தோ, பேர் இல்லாத தட்டு தட்டே இல்லை. அண்ணனும் பக்கத்திலேயே நின்று வெட்டி வாங்கிவந்திருக்கிறார்.

மெர்சிக்குத் தமிழில் தன் பேரை மட்டும் படிக்கத் தெரியும். விரலால் தடவித் தடவிப் படித்தாள். முகம் மலர்ந்துபோனது. ஏன் என் பேர் இதில் இருக்கிறது என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டாள். நான் சொல்வதற்குள் அண்ணன், "இன்னா கேக்குது?" என்றார். நானும் புத்தி கெட்டுப்போய் அவள் கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"ஹாஸ்டல்ல எல்லார் தட்டும் ஒரே மாதிரி இருக்கும்டா கண்ணு. மாறிப்போச்சுன்னா பேஜாரு. அதுக்குத்தான்" என்றார் அண்ணன்.

அண்ணி அதிரசத் தட்டோடு கதவருகே நின்றுவிட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஹாஸ்டல் என்றால் என்னவென்று மெர்சிக்குத் தெரியும். தூங்கவைக்கும்போது நானே கதை சொல்லியிருக்கிறேன், வேலூரில் நர்ஸ் படிப்புக்குப் போனபோது ஹாஸ்டலில் அம்மாவை நினைத்து அழுதது, வார்டன் திட்டியது எல்லாம். அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். டம்ளரைத் தட்டின் நடுவில் சத்தம் வராமல் வைத்து, ஓரமாக நகர்த்திவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அழுதிருந்தால், காலை உதைத்துக் கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டால் அதைவிடப் பயம் வேறென்ன இருக்கிறது?

உள்ளே அண்ணி அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "வாய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா? நல்ல நாளும் அதுவுமா!"

"நான் இன்னாடி சொல்லிட்டேன்? தட்டப் பத்திதான சொன்னேன்" என்றார் அண்ணன்.

நான் என் கணவர் பக்கம் திரும்பி, "இப்பவே சொல்லிடலாங்க" என்றேன். "இன்னிக்கு வேணாம். இன்னிக்கு மட்டுமாவது சிரிச்சுக்கினு இருக்கட்டும்" என்றார்.

5

பிரியாணி சாப்பிட்டு முடிந்ததும், இறுக்கத்தைக் கலைக்க அண்ணன் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் வேண்டுமென்றே தோற்றார். அண்ணன் அதைவிட மோசமாகத் தோற்றார். மெர்சி காயைத் தட்டினாள், விழுந்தால் லேசாகச் சிரித்தாள், ஆனால் கண் மட்டும் எங்கள் இருவர் மேலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

ஷீலா கண்ணாமூச்சி ஆடலாம் என்றாள். பெரியவர்களும் ஆடவேண்டும் என்று அடம். சரி என்று எல்லோரும் எழுந்தோம். ஷீலா சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். அண்ணி பீரோவுக்குப் பின்னால், அண்ணன் கதவுக்குப் பின்னால், இவர் கட்டிலுக்கு அடியில், நான் திரைச்சீலைக்குப் பின்னால். அண்ணனின் தொப்பை கதவுக்கு வெளியே தெரிந்தது, ஷீலா நேராக வந்து அதில் ஒரு குத்து விட்டாள். ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தாள். மெர்சியை மட்டும் காணோம்.

"கெட்டிக்காரிடா எம் மருமவ" என்றார் அண்ணன்.

"மெர்சி, நீதான் ஜெயிச்ச! வெளிய வா!" என்றாள் ஷீலா.

வரவில்லை. குளியலறை, மாடி, அரிசி மூட்டைக்குப் பின்னால், எங்கும் இல்லை. நான் ஜெர்மனில் கூப்பிட்டேன், தமிழில் கூப்பிட்டேன். பின்வாசலுக்குப் போன அண்ணி அங்கிருந்தே கத்தினார். "தாப்பாள் தொறந்து கெடக்குதுங்க!"

6

அண்ணன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பின்வாசலுக்கு நேரே தோல் ஷாப்புச் சுவர் இடிந்து ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. அன்று லீவு, உள்ளே ஒரு ஈ, காக்கை இல்லை. உள்ளே இருப்பவை சுண்ணாம்புக் குழிகள். தோலிலிருந்து மயிர் கழல ஊறப்போடுகிற குழிகள். தரைமட்டத்தில் வரிசையாக இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத நாளில் மேலே ஆடை படிந்து வெள்ளையாக, சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். என் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

அங்கே போகுமுன் ஒரு நப்பாசையில் எதிர்வீட்டுக்கு ஓடினேன். பஷீர் பாய் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இல்லியேம்மா, இங்க யாரும் வரலியே. நான் சாப்ட்டதுலேர்ந்து இங்கதான குந்திக்கினு இருக்கேன்" என்றார். என் கோலத்தைப் பார்த்து, செருப்பைக்கூட மாட்டாமல் அவரும் எங்களோடு ஓடி வந்தார்.

ஒவ்வொரு குழியாகப் போனோம். தோல் புரட்டுகிற நீளமான கம்பை எடுத்து அண்ணன் குழிக்குள் விட்டு மெதுவாகக் கிளறினார். மேலே படிந்த வெள்ளை உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரியும். கம்பு சும்மா வந்தால் மூச்சு வரும். அடுத்த குழிக்குப் போகும்போது மூச்சு நின்றுவிடும். ஓரிடத்தில் எதிலோ மாட்டிக்கொண்டது. அண்ணன் இழுத்தார். கனமாக ஏதோ மேலே வந்தது. நான் அலறிவிட்டேன். மாட்டுத்தோல்தான். இவர் குழி ஓரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து வெறும் கையை உள்ளே விடப் போனார், பஷீர் பாய் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் காட்பாடிப் பக்கமிருந்து ரயில் ஊதியது. "தண்டவாளம்!" என்று இவர் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார். நான் அவர் பின்னால் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் செய்த ஜெபத்தை எந்தக் கோயிலிலும் சொல்ல முடியாது. ஆண்டவரே, அந்த ஆபீஸ்காரர்களே வந்து தூக்கிக்கொண்டு போகட்டும். எவளோ ஒருத்தி வீட்டில் வளரட்டும், என்னை யாரென்றே தெரியாமல் போகட்டும், தமிழே வேண்டாம். இந்தக் குழிக்குள் மட்டும் இருக்க வேண்டாம். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம், அந்த முத்திரை, அந்த அதிகாரி, வீட்டுக்காரம்மா, எல்லாம் வெறும் விளையாட்டு என்று அங்கே தெரிந்தது.

7

சுவர் உடைசலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "செல்விக்கா! மெர்சியவா தேடறீங்க? எங்க வூட்டுலதான இருக்குது!"

பஷீர் பாயின் மகள் பர்வீன். அவர்கள் வீட்டில் முன்பக்கம் ஆண்கள் புழக்கம், பின்பக்கம் பெண்கள் புழக்கம். மெர்சி பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, பின்கதவைத் தட்டியிருக்கிறாள். முன்னறையில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? தன் வீட்டிலேயே இருக்கும் பிள்ளையை அந்த மனுஷன் எங்களோடு குழி குழியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் ஈர மருதாணி. கையை விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அடிக்கக் கையை ஓங்கினேன். பர்வீனின் அம்மா ஜமீலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதம்மா! அது இன்னா தப்பு செஞ்சிச்சு? அம்மா அனுப்பிச்சாங்கன்னு சொன்னிச்சு. நாங்களும் உனக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்."

"எதுக்குக்கா வந்தா?"

"இங்க பேசற மாதிரி சொல்லிக் குடுங்க, இன்னிக்கே வேணும்னு கேட்டுச்சு. பர்வீன் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தா. அப்படி ஒரு கவனம் இந்தப் புள்ளைக்கு."

அதற்குள் இவரும் வந்து பின்கதவு நிலைக்கு வெளியே நின்றுவிட்டார். மெர்சி எழுந்தாள். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்வது போல நேராக நின்று, கண்ணை மூடிக்கொண்டாள். மருதாணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"மேரா நாம் மெர்சி. ஏக். தோ. தீன். பானி. ரோட்டி. ஹாத். இதர் ஆவ்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னாள். "எனக்கு வந்துச்சு. இனிமே ஜெர்மன் பேச மாட்டேன். இதுதான் பேசுவேன். என்ன ஹாஸ்டல்ல விடாதம்மா."

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் ஒன்றுமே ஓடவில்லை. ஜமீலாக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர்கள் வீட்டுக்குள் பேசுவது உருது. இங்கே பேசுகிற மாதிரி என்று பிள்ளை கேட்டது, அவர்கள் என் பேர் மெர்சி, ஒன்று, இரண்டு, தண்ணீர், கை, இங்கே வா என்று தாங்கள் பேசுவதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அது தமிழ் இல்லையென்று எப்படித் தெரியும்? தெரியாத சொல்லெல்லாம் தான் கற்றுக்கொள்ளாமல் விட்ட தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரு கண்ணு உன்ன வுடறேன்னு சொன்னாங்க?" என்று கேட்டார் ஜமீலாக்கா.

"அம்மாதான் சொன்னாங்க. தமிழ் பேசலன்னா ஆம்பூர்ல விட்டுட்டு வந்துடுவேன்னு."

சொன்னேன்தான். இந்த ஜெர்மன் ஊரில் எந்தத் தமிழ் வீட்டில்தான் சொல்லவில்லை? பூச்சாண்டி வருவான் என்பது போல, சோறு ஊட்டும்போது, தலை பின்னும்போது, பஸ்ஸில், கடையில், வாய்க்கு வந்தபடி எல்லோரும் சொல்வதுதான். காலையில் தட்டைப் பார்த்ததும் பிள்ளை அதையும் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தான் ஒழுங்காகப் பேசாததற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்துவிட்டாள். ஒரே மத்தியானத்தில் ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று, பெரியவர்கள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே ஓடியிருக்கிறாள்.

ஜமீலாக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். முன்னறையிலிருந்து பஷீர் பாய், "இன்னா ஆச்சு? புள்ள நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது தமிழ் இல்லை என்று பிள்ளையிடம் சொல்ல அங்கே யாருக்கும் நா எழவில்லை.

மெர்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் நிற்கவும், போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "மேரா நாம் மெர்சி..."

பெண்கள் இருக்கும் உள்ளறை என்பதெல்லாம் மறந்து இவர் உள்ளே வந்துவிட்டார். அவளைத் தூக்கிக்கொண்டார். புது வெள்ளைச் சட்டை முழுக்க மருதாணி. "நல்லா பேசற கண்ணு. ரொம்ப நல்லா பேசற. போதும், போதும்" என்றார். அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "மூணு பேரும் போலாம் செல்வி" என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

8

மூன்று பேருமாகத்தான் திரும்பினோம். நான் நிரந்தரமாக இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டேன், இவர் பகல் ஷிப்ட். பல வருஷம் வாசற்படியில்தான் நாங்கள் சந்தித்துக்கொண்டோம், ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போக. அயல்நாட்டார் அலுவலகத்துக்குப் போகும் நாளில் இன்றைக்கும் இவர் சாப்பிடுவதில்லை. வீட்டுக்காரம்மா மட்டும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை எங்களோடு இருக்கிறாள், அதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

எது தமிழ், எது உருது என்று மறுநாளே ஷீலா அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். கிளம்புகிறவரை ஷீலாவைவிட்டு அவள் நகரவில்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலேறியதிலிருந்து இன்றுவரை மெர்சி எங்களிடம் ஒரு ஜெர்மன் சொல் பேசியதில்லை. கோபத்தில்கூடத் தமிழ்தான். இப்போது பன்னிரண்டு வயதாகிறது. இங்கே தமிழர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அவளைச் சுற்றி நின்று வியக்கிறார்கள். "எங்க புள்ளைங்க ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. எப்படிங்க இப்படி வளத்தீங்க?" என்று எங்களைக் கேட்கிறார்கள். இவர் எழுந்து வெளியே போய்விடுவார். நான் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது பேசி மழுப்புவேன்.

போன மாதம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். பகலில் நான் கட்டிலருகே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளித் தோழி ஒருத்தி பார்க்க வந்தாள். இருவரும் ஜெர்மனில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தோழி போன பிறகு கண்ணயர்ந்தவள், திடீரென்று விழித்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பார்வை என் மேல் நிற்கவில்லை.

"அம்மா, அது அவகிட்டதான் பேசினேன். உன்கிட்ட நான் தமிழ்லதான பேசறேன்?"

"ஆமாண்டி கண்ணு. தமிழ்லதான் பேசற."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை மட்டும் விடவில்லை.